குறுக்குவாட்டில் உடைத்துப் பார்க்காத தகடு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று, முகவரியை உன் அக்காவை எழுதச் சொன்னேன். "உங்க கடுதாசிக்கு என் கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாள். முழங்கால் வலி தவிர நலமாக இருக்கிறாள்.

போனில் கேட்டிருக்கலாம். ரோலிங் மில்லில் முப்பத்தோரு வருடம் நின்றதில் உன் காதுக்கு இப்போது போன் எட்டுவதில்லை என்று அவள் சொன்னாள். நேரில் வந்திருக்கலாம். உலை விபத்து விசாரணை முடிந்த நாளிலிருந்து ஏழு வருடமாக நான் வரவில்லை, நீயும் வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

விஷயம் இதுதான். நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். என் மேசைக்கு வந்திருக்கும் பெண் அலமாரியைக் காலி செய்தபோது, என் எழுத்தில் சீட்டு ஒட்டிய தகர டப்பா ஒன்று கிடைத்திருக்கிறது. "வேண்டுமா, தூக்கிப் போடலாமா?" என்று எழுதி எனக்குப் பார்சல் அனுப்பிவிட்டாள். உள்ளே நம் டங்ஸ்டன் தகட்டின் சாம்பிள்கள். நீ உருட்டிக் கொடுத்து, நான் விரல் நீளத்துக்கு அறுத்து, சூடாக்கி, உடைத்துப் பார்த்த துண்டுகள். நாற்பத்தெட்டும் இருக்கின்றன.

அவற்றை மேசையில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை இல்லை. மூன்று சந்தேகங்கள் வந்தன.

தகட்டை எந்தத் திசையில் உருட்டினீர்கள் என்று தெரிவதற்காக ஒரு மூலையை வெட்டிவிடுவது உங்கள் மில் வழக்கம். அது எந்த மூலை?

கடைசியாக எனக்கு அனுப்பிய சதுரத் தகடு, முதலில் கிரைண்டிங்குக்குப் போய்விட்டு வந்தது. அங்கே அதை எந்த வாக்கில் தேய்த்தார்கள்?

விபத்தில் பிளந்த தகட்டை உருளைகளுக்கு நடுவே கடைசியாக விட்ட தடவை, அந்தக் கடைசி பாஸ். அதை எவ்வளவு சூட்டில் விட்டாய்? விசாரணையில் நீ சொன்னது எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இவை ஒழுங்குக்காகக் கேட்பவை. அவசரம் இல்லை.

அன்புடன்,
அத்தான்

*

பிப்ரவரி 21

அத்தானுக்கு,

அக்கா கையெழுத்துன்னு ஆசையாப் பிரிச்சேன். உள்ள நீங்க.

ஏழு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி, அதுல மூணு சந்தேகம். மில்லுல உங்களுக்கு 'சந்தேகம் சார்'னு பேர் வச்சது நான்தான், தெரியுமில்ல? தப்பா வைக்கலன்னு இப்ப தெரியுது.

ஒழுங்குக்காகக் கேட்டீங்க, ஒழுங்காவே சொல்றேன். மூலைன்னா, தகடு மில்லுக்குள்ள போற தலைப்பக்கம், வலது கை மூலை. எப்பவும் அதுதான். ஆனா நீங்க கேக்குற அந்தச் சதுரத்துல பக்கத்து மூலையிலயும் ஓரம் கீறல் விட்டிருந்துச்சு. அதையும் வெட்டிட்டோம். ரெண்டு மூலை போன தகடு அது. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

கிரைண்டிங்ல வெட்டின மூலைப் பக்கம் பிடிப்பு நிக்கல. அதனால திருப்பிப் போட்டுக் குறுக்கால தேச்சாங்க. கோடெல்லாம் குறுக்கால விழுந்திருக்கும்.

கடைசி பாஸ். அதை ஏன் மறுபடி என் வாயால கேக்கணும்னு ஆசை உங்களுக்கு? ஆயிரம் டிகிரிக்கு மேல இருக்கணும். எண்ணூத்தம்பதுல விட்டேன். மறுபடி உலைக்குள்ள வச்சு சூடேத்தினா இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும், ஷிஃப்ட் முடியப்போகுது, போதும்னு தள்ளிட்டேன். விசாரணையில இதை யாரும் என்கிட்ட கேக்கல. நானாத்தான் சொன்னேன். ஆறின தகட்டை உருட்டினதால உள்ளுக்குள்ள வெடிச்சிருக்குன்னு எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. நீங்க அந்த அறையிலதான் உக்காந்திருந்தீங்க. உங்க அறிக்கையை முன்னால வச்சுக்கிட்டு.

நான் இப்ப ஒரு கேட் பட்டறையில கம்பி வளைக்கிறேன். வளைச்சா வளையுது. அது ஒரு நிம்மதி.

உலைக்காரனை உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. உலையைத் திறந்து கொக்கியால தட்டை இழுக்கும்போது தாங்குற தகடு ரெண்டாப் பொளந்து, சூடான பாரம் கையில விழுந்துச்சே, அவன். வலது கையில மூணு விரல் மடங்காது. மாசாமாசம் மொத ஞாயிறு அவன் வீட்டுக்குப் போறேன். பஸ்ல ரெண்டு மணி நேரம். அவன் இடது கை நகத்தை நான்தான் வெட்டி விடுவேன், வலது கையால நகவெட்டி பிடிக்க வராது. ஏழு வருஷத்துல ஒரு மாசம் தவறல. இதையும் ஒழுங்குக்காகத்தான் சொல்றேன்.

அக்காவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்க.

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதுவும் சரியாக வராது என்றே நினைக்கிறேன்.

டங்ஸ்டனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். உனக்கும் தெரிந்தவைதான், எழுதும்போது எனக்குத் தெளிவு வரும் என்பதால் எழுதுகிறேன். வேறு எந்த உலோகம் உருகும் சூட்டிலும் அது உருகாது. ஆனால் உருட்டாத டங்ஸ்டன் ஆறிய பிறகு கண்ணாடி போல உடையும். உருட்ட உருட்ட, அதுவும் பாஸுக்குப் பாஸ் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உருட்ட, உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் தட்டையாகி, நீண்டு, அடுக்கடுக்காகப் படிகின்றன. அந்த அடுக்குகளைக் கடந்து போக விரிசல் திணறுகிறது. பெரிய சூட்டில் அந்த மணிகள் மறுபடி உருண்டு திரண்டுவிடாமல் பிடித்து வைக்கத்தான் ஒரு சதவீதம் லாந்தனம் ஆக்சைடு தூள் கலந்தோம். சாதாரணத் தகடு நானூறு டிகிரிக்குக் கீழே வளையாமல் முறிந்தது. நம்முடையது இருநூறிலேயே வளைந்தது. இதற்கு எட்டு வருடம் ஆயிற்று.

ஆகவே கடைசி பாஸை நூற்றைம்பது டிகிரி குறைவாக விட்டது தகட்டைக் கெடுத்திருக்காது. ஓரம் கிழியாமல் வெளியே வந்திருந்தால் அதற்குக் கூடுதல் உறுதியே வந்திருக்கும். விசாரணையில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. என்னை யாரும் கேட்கவில்லை. உன்னையும் யாரும் கேட்கவில்லை, ஆனால் நீ சொன்னாய்.

சில சாம்பிள்களை அந்தப் பெண்ணுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் மணிகள் எந்தத் திசையில் நீண்டிருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். அவள் பதில் வரும்வரை மேற்கொண்டு எழுதுவது முறையாகாது.

உலைக்காரரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் பெயரைப் படிவத்தில் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

அன்புடன்,
அத்தான்

*

மார்ச் 14

அத்தானுக்கு,

ஒரு பக்கம் பாடம் எடுத்திருக்கீங்க. மாணவன் நல்லாவே படிச்சேன். 'கூடுதல் உறுதியே வந்திருக்கும்'கிற வரியை மட்டும் எத்தனை தடவைன்னு தெரியாம படிச்சேன். பட்டறையில முதலாளி, "என்னய்யா, லவ் லெட்டரா?"ன்னு கேட்டார். அக்கா புருஷன் எழுதினதுன்னேன். "அப்ப வில்லங்கம்தான்"னார்.

சுத்தி வளைக்காதீங்க. உங்களை எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். சந்தேகம் இருந்தா நீங்க உடனே கேட்டுருவீங்க, வெக்கமே பட மாட்டீங்க. தெரிஞ்சுபோன விஷயம்னாத்தான் இப்படி இழுப்பீங்க. அக்காவுக்குக் கட்டி வந்தப்ப ஆபரேஷன் வேணும்கறதைச் சொல்ல ஒன்பது நாள் எடுத்துக்கிட்டீங்க.

நான் உடைக்கலன்னா, யார் உடைச்சது?

*

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நான்.

நேற்று முன்தினம் அந்தப் பெண் எடுத்த மைக்ராஸ்கோப் படங்கள் வந்தன. இனி இழுக்க எதுவும் இல்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டு சாம்பிள்களில் பாதி நீளவாட்டு, பாதி குறுக்குவாட்டு என்று என் சீட்டில் இருக்கிறது. நீளவாட்டில் அறுத்த துண்டை உடைத்தால், விரிசல் நீண்ட மணிகளைக் குறுக்கே முறித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கட்டையை முழங்காலில் வைத்து முறிப்பது போல. குறுக்குவாட்டில் அறுத்த துண்டில் விரிசல் மணிகளுக்கு நடுவிலேயே ஓடிவிடும். அதே கட்டையைக் கோடாலியால் பிளப்பது போல. முறிந்த இடம் சிம்பு சிம்பாக இருக்கும். பிளந்த இடம் வழவழவென்று இருக்கும். டப்பா வந்த அன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டும் சிம்பு சிம்பாக இருந்தன. வழவழப்பானது ஒன்றுகூட இல்லை. படங்களிலும் மணிகள் துண்டின் நீளத்திலேயே ஓடுகின்றன.

அதாவது குறுக்குவாட்டு என்று நான் எழுதிவைத்த இருபத்து நான்கும் நீளவாட்டில் அறுத்தவை. தகட்டின் பலவீனமான திசையை நான் ஒருநாளும் உடைத்துப் பார்க்கவில்லை. இரண்டு திசையிலும் ஒரே உறுதி என்று அறிக்கை எழுதினேன். அறிக்கையின் தலைப்பே அதுதான். அதை நம்பித்தான் உலைக்கூடத்தில் தகட்டை எந்த வாக்கிலும் அறுத்துப் பொருத்தினார்கள். இருநூற்றைம்பது டிகிரிக்கு ஆறியதும் திறக்கலாம் என்று விதி எழுதியதும் அதை நம்பித்தான். தகடு பிளந்தபோது, திசையில் தவறிருக்க முடியாது என்று அறிக்கை சொன்னது. மிஞ்சியது உன் கடைசி பாஸ்.

எப்படித் தவறினேன் என்பது. நீளவாட்டுத் துண்டுகளை முன்பு வந்த குறுகிய தகடுகளில் அறுத்திருந்தேன்; குறுக்குவாட்டுத் துண்டுகளுக்காகவே கேட்டு வாங்கிய சதுரத் தகடு வந்தபோது இரண்டு மூலை வெட்டியிருந்தது. எது உங்கள் அடையாளம் என்று தெரியவில்லை. மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் இருந்தன. அவை உருட்டிய கோடுகள் என்று எடுத்துக்கொண்டேன். அவை கிரைண்டிங் கோடுகள்.

சோதனைக்கூடத்திலிருந்து மில்லுக்கு இருபத்திரண்டு படிகள். இறங்கி வந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடம். அந்த வாரம் ஏற்கெனவே மூன்று முறை வந்திருந்தேன். மூன்றாம் முறை நீ கையைத் தூக்கி, "மில்லை நிறுத்துங்கப்பா, சந்தேகம் சாருக்கு இன்னொண்ணு வந்திருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காம் முறை வரவில்லை. பழியைப் பகிர்ந்துகொள்ள இதை எழுதவில்லை. வரிசை விட்டுப்போகக் கூடாது என்றுதான்.

கெட்ட முடிவு வந்தால் மூன்று முறை சரிபார்ப்பவன் நான், நல்ல முடிவு வந்தால் இரண்டு முறை. அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தேன். அந்த மகிழ்ச்சி இப்போது யாருடையதோ போல இருக்கிறது.

இன்னொன்று. பிளந்தது ஒரு தகடு. அதே அறிக்கையை வைத்துப் பொருத்திய தகடுகள் இன்னும் பதினாறு உலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அவற்றின் கடைசி பாஸ் சரியான சூட்டில் நடந்ததால் யாரும் அவற்றைத் தொடவில்லை. ஆலைக்கு ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். வாசகம் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. நகல் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். நீ பார்த்து, அனுப்பலாமா என்று சொல்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று காத்திருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அத்தான்

*

ஏப்ரல் 6

அத்தானுக்கு,

உங்க நகலைப் படிக்கல. கிழிச்சுட்டேன்.

அனுப்பலாமான்னு என்னைக் கேக்கறீங்க. பதினாறு உலை முன்னாடி ஆளு நிக்குது. கொக்கியைப் பிடிச்சுக்கிட்டு. நீங்க வாசகம் சரியான்னு பாக்கறீங்க. அன்னிக்குப் படி இறங்கி வந்து கேக்கல, சரி. இப்ப கேக்கக் கூடாததை மட்டும் நூறு மைல் தாண்டி வந்து கேக்கறீங்க.

நான் சிரிச்சது தப்பு. ஒத்துக்கறேன். அன்னிக்கு அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல, அதுதான் இன்னும் கேவலம். ஆனா 'பழியைப் பகிர்ந்துகொள்ள எழுதவில்லை'ன்னு எழுதிட்டு நீங்க பகிர்ந்துதான் இருக்கீங்க அத்தான். தராசு வச்சுப் பகிர்ந்திருக்கீங்க.

எனக்குக் கோபம் வரும்னு நெனச்சேன். வரல. பல்லு பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கு. கிள்ளினா என்னுதுன்னு தெரியல. உங்க கடுதாசி வந்த ரெண்டாம் நாள் மொத ஞாயிறு. போனேன். அவன் பேசிக்கிட்டே இருந்தான், பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டறான், வெளிச்சம் போயிருச்சுன்னு. நான் நகத்தை வெட்டினேன். ஒன்னும் சொல்லல. சொல்ல எனக்கென்ன உரிமை இருக்கு, ஆலைக்கே தெரியாதப்ப?

இன்னிக்கே அனுப்புங்க. நாளைக்குன்னு வச்சீங்கன்னா நான் பஸ் ஏறி வந்து உங்க கையைப் பிடிச்சுப் போட வைப்பேன்.

*

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

அனுப்பிவிட்டேன். ரசீது எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் அக்காவிடமும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அவன் வேலை போய் வந்த அன்னிக்கு என்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னேன்."

"நடந்துபோச்சுன்னு சொன்னீங்க. அவன் தப்பு பண்ணிட்டான்னு சொல்லல. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கேக்கல."

போர்வையை என் பக்கம் நீட்டினாள். ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். தபால் அலுவலகத்துக்கு நானும் வருகிறேன் என்றாள். முழங்காலை வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டதற்கு, "தனியா விட்டா வழியில யோசிப்பீங்க" என்றாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனோம். கடிதம் பெட்டிக்குள் விழும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு இன்றுவரை தேவைக்கு மேல் பேசவில்லை.

அத்தான்

*

மே 22

அன்புள்ள தம்பிக்கு,

ஆலையிலிருந்து வந்த செய்திகள். பதினாறு உலைகளையும் முழுக்க ஆறவிட்டு, தகடுகளை வெளியே எடுத்துவிட்டார்கள். நான்கு தகடுகளின் அடிப்பக்கத்தில் உருட்டிய திசையிலேயே விரிசல் ஓடியிருந்தது. அவற்றில் ஒன்றில் பாதி தூரம் போயிருந்ததாம். இன்னும் எத்தனை முறை திறந்திருந்தால் மீதியும் போயிருக்கும் என்று கணக்கிட முயன்றேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெண் மிச்சத் தகட்டிலிருந்து உண்மையான குறுக்குவாட்டுத் துண்டுகளை அறுத்து உடைத்துப் பார்த்திருக்கிறாள். நீளவாட்டில் இருநூறு டிகிரியில் வளைந்த அதே தகடு, குறுக்குவாட்டில் நானூறு வரைக்கும் வளையவில்லை. சாதாரணத் தகட்டை விட மேல் இல்லை. எட்டு வருடத்தில் நாம் சேர்த்த உறுதி எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இனி பாதி பாஸ் முடிந்ததும் தகட்டைத் திருப்பிப் போட்டு மீதியை உருட்டப் போகிறார்கள். மணிகள் அப்போது குச்சி போல நீளாமல் வட்டத் தட்டுகளாகப் படியும். உச்ச உறுதி கொஞ்சம் குறையும், இரண்டு திசையிலும் ஒன்றுபோல இருக்கும். உனக்கு இது அப்போதே தோன்றியிருக்கும். நான் கேட்டிருந்தால்.

அறிக்கையை விலக்கிக்கொண்டார்கள். எனக்கு வந்த கடிதத்தில் 'தகவலுக்கு நன்றி' என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டினால் ஏதாவது தோன்றுமோ என்று உறையைப் பிரிக்கும்போது நினைத்தேன். உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லி முகவரி கேட்டார்கள், கொடுத்தேன்.

உலைக்காரருக்கு நான் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். நீ அவரிடம் சொல்லி முடித்த பிறகே அனுப்புவேன். முந்திக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. சொன்னதும் ஒரு வரி எழுது.

அத்தான்

*

ஜூன் 6

அத்தானுக்கு,

சொல்லிட்டேன். அனுப்பிக்கங்க.

ஆலைக் காகிதம் வந்துச்சு. ரெண்டு வரி. 'தங்கள் மீதான முடிவு விலக்கிக்கொள்ளப்படுகிறது.' மூணாவது வரியில தேதி. அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை போனேன். பஸ்ல தூக்கமே வரல. சின்னப் பிள்ளை பரிட்சைப் பேப்பரைத் தூக்கிட்டு ஓடற மாதிரி.

அவன் காகிதத்தைப் படிச்சான். நான் மத்ததைச் சொன்னேன், உங்களைப் பத்தியும். கடைசி வரைக்கும் கேட்டான்.

"அப்ப நீ இல்ல"ன்னான்.

"நான் இல்ல."

"லேசா இருக்கா?"

பொய் சொல்ல வரல. "கொஞ்சம்"னேன்.

"தெரியுது. வாசல்ல வரும்போதே தெரிஞ்சுது. தண்டனை முடிஞ்சு வெளிய வந்தவன் மூஞ்சி." காகிதத்தை ஒரு கையால மடிச்சு என் பக்கம் தள்ளினான். "நான் உன்னை மொத வருஷமே விட்டுட்டேன்பா. தகட்டை வச்சுத்தான் வந்த, சரி. அதுக்கப்புறம் சும்மா வர்றேன்னு நெனச்சேன். உனக்கும் ஞாயித்துக்கிழமை ஆள் இல்ல, எனக்கும் இல்ல. அதனாலன்னு நெனச்சேன்."

"சும்மாதான் வந்தேன்"னேன்.

"மொத ஞாயிறு. எப்பவும் மொத ஞாயிறு. ஒரு தடவை தப்பிப்போய் ரெண்டாவது ஞாயிறு வந்திருக்கியா? ஜாமீன்ல இருக்கறவன் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போவான் பாரு, அந்த மாதிரி. என் வீடு உனக்கு ஸ்டேஷனா இருந்திருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

சண்டை இல்ல அத்தான். குரல்கூட உசத்தல. காது கேக்காதவன்னு என் மூஞ்சிக்கு நேரா வந்து, ஒவ்வொரு வார்த்தையா சொன்னான். அப்புறம் எழுந்து போய் கொடியில துணி எடுத்தான். நான் பஸ் பிடிச்சு வந்துட்டேன்.

ஏழு வருஷமா என் தப்பு இல்லன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். சொல்லிட்டாங்க. இனிமே எந்த முகத்தோட அங்க போவேன்? போகலன்னா அவன் சொன்னது உண்மைன்னு ஆகுது. அடுத்த மாசம் மொத ஞாயிறு போனாலும் அவன் சொன்னது உண்மைன்னுதான் ஆகுது. உங்களைக் கேக்கறேன் பாருங்க. கேக்க வேற ஆள் இல்ல.

*

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

அவருக்கான கடிதத்தை அனுப்பிவிட்டேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

நீ கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். இப்படிப்பட்டவற்றில் என் யோசனைக்கு என்ன மதிப்பு என்று தெரியவில்லை. மனிதர்கள் விஷயத்தில் எனக்கு எதுவும் சரியாக வந்ததில்லை. உன் அக்காவிடம் கேட்டேன். "அவன் உங்களைத்தானே கேட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் ஞாயிறு போகாதே. ஞாயிறே வேண்டாம். ஒரு புதன்கிழமை போ. பட்டறையில் லீவு சொல்லிவிட்டுப் போ. எந்தக் காகிதமும் எடுத்துப் போகாதே, என்னைப் பற்றி எதுவும் பேசாதே. ஏன் வந்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் தயாராக இல்லாமல் போ. எனக்கு அது முடியாது. உனக்கு முடியலாம்.

இது தவறாகவும் இருக்கலாம். முன்னால் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

அத்தான்

*

ஜூன் 22

அத்தானுக்கு,

நேத்து புதன்கிழமை போனேன். லீவு கேட்டதுக்கு முதலாளி "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னார். யாருக்கும் ஒன்னும் ஆகலன்னேன். அப்ப எதுக்கு லீவுன்னு விடாம கேட்டார். எனக்கே தெரியல, என்னத்தச் சொல்ல?

கதவைத் திறந்தான்.

"இன்னிக்குப் புதன்"னான்.

"ஆமா"ன்னேன்.

அவன் உள்ள போனான், கதவைச் சாத்தல. நானும் போனேன். உங்க கடுதாசி மேசை மேல இருந்துச்சு. பிரிச்சிருந்தான். அதை ஓரமாத் தள்ளிட்டு, பக்கத்து வீட்டு மாடி எவ்வளவு ஏறியிருக்குன்னு ஜன்னல் வழியாக் காட்டினான். நாலு மணி வரைக்கும் இருந்தேன்.